வாங்க, காட்டறேனுங்க

அடுக்குமாடிச் சங்கச் செயலாளரிடம் கணக்கைக் காட்டச் சொன்னால் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார்.

"மோட்டார் ரிப்பேருக்குப் பதினெட்டாயிரம்னு போட்டிருக்கே சார், பில் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "பில்லு எதுக்குங்க? மோட்டாரே இருக்குதுல்ல. வாங்க, காட்டறேனுங்க" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். சம்ப் மூடியைத் தூக்குவார். டார்ச் அடிப்பார். உள்ளே தண்ணீருக்கடியில் கறுப்பாக ஏதோ கிடக்கும். "பாத்தீங்களா, காயில் புதுசு!" காயில் என்பது மோட்டாரின் வயிற்றுக்குள் இருப்பது, அதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்ற அளவுக்கு நமக்கும் ஞானம் உண்டு. இருந்தும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

மொட்டை மாடிக்கு அடித்த கூலிங் பெயின்ட் கணக்கைக் கேட்டவரின் கதி இன்னும் மோசம். சித்திரை வெயில், மதியம் ஒரு மணி. மாடிக் கதவருகே நின்று, "செருப்பைக் கழட்டிருங்க, பெயின்ட் புதுசு" என்றார். கேட்டவர் இரண்டு தாவலில் தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போய்விட்டார். அங்கே ஒற்றைக்காலில் நின்றபடியே எத்தனை டின், எத்தனை கோட் என்ற விளக்கத்தை முழுவதும் கேட்டார். அந்த ஆண்டு வேறு எதைப் பற்றியும் அவர் வாயே திறக்கவில்லை.

செப்டிக் டேங்க் செலவை யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் என்ன காட்டுவார் என்பது தெரிந்ததுதான். ஆண்டுதோறும் தடையின்றி ஏறிக்கொண்டே போகும் ஒரே இனம் அதுதான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரே ஒருமுறை இந்த வித்தையில் நியாயம் இருந்தது. 2023-இல் குடியிருப்புகளின் பொது மின்சாரத்துக்கு யூனிட் 5 ரூபாய் 50 காசு என்று சலுகை அறிவித்தார்கள். நமக்கு ஏன் கரன்ட் பில் குறையவில்லை என்று கேட்டதற்கு, லிப்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இதனாலதானுங்க" என்றார். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிப்ட்டும் இல்லாமல் இருந்தால்தான் அந்தச் சலுகை. சொன்னது உண்மை. பில்லை மட்டும் அன்றும் காட்டவில்லை.

கார்பஸ் ஃபண்டு டெபாசிட் யார் பேரில் இருக்கிறது என்று நான் கேட்டேன். கேட்டுக்கு வெளியே அழைத்துப்போய் எதிர்ச் சாரியில் இருந்த வங்கியைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் இறக்கியிருந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு பத்திரமா இருக்குது!"

திருடரா? இல்லை. அதுதான் தொல்லையே. திருடராக இருந்தால் சண்டை சுலபமாக முடிந்திருக்கும். இரவு பன்னிரண்டுக்குக் கரன்ட் போய் மூன்றாம் மாடிப் பாட்டி லிப்ட்டில் மாட்டிக்கொண்டபோது, சாவியோடு ஓடிவந்து, கதவு திறக்கும்வரை வெளியே நின்று அவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர் இந்த மனுஷன்தான். சம்பளம் கிடையாது. கூட்டத்தில், "வேற யாராச்சும் இருக்கறீங்களா?" என்று அவர் கேட்கும்போது அத்தனை தலையும் செல்போனுக்குள் குனிந்துகொள்கின்றன. ஆகப் பெரிய குரலில் கணக்குக் கேட்கிறவர் ஆறு மாத பாக்கிக்காரர். கணக்குக் காட்டினால்தான் கட்டுவேன் என்கிறார் அவர். கட்டினால்தான் காட்டுவேன் என்கிறார் இவர்.

நம்மவருக்குக் கணக்கு வராதோ என்று நானே இரக்கப்பட்டதுண்டு, பேளுக்குறிச்சிக்குப் போகும்வரை. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் அதுதான் அவர் சொந்த ஊர். சனிக்கிழமைச் சந்தை மளிகைச் சாமானுக்குப் பேர்போனது. வருஷத்துக்கு வேண்டிய மிளகு, மல்லி, சீரகம், கடுகு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்க வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். எங்கள் சேலத்துக் குடியிருப்புக்கும் அவர்தான் வேன் பிடிப்பார். அந்த முறை நானும் தொற்றிக்கொண்டேன்.

கூவைமலை முருகனுக்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சந்தைக்குள் இறங்கியவர் வேறு ஆளாகிவிட்டார். மிளகை உள்ளங்கையில் கொட்டி ஊதினார், ஒன்றைக் கடித்தார், மலை மிளகா வரத்து மிளகா என்று கேட்டார். தராசின் முள்ளைப் பார்த்தார். காலிப் பையை எதிர்த்தட்டில் போடச் சொன்னார். கடைக்காரர் அட்டைத் துண்டில் போட்ட கூட்டலை இரண்டு தரம் கூட்டி, பத்து ரூபாய் பிசகைப் பிடித்தார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்பிக்கையில்லீன்னா உள்ள வாங்கண்ணா, மூட்டையையே காட்டறேன்."

"மூட்டை எதுக்குங்க? கணக்கைச் சொல்லுங்க."

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு வீட்டுப் பொட்டலத்திலும் ஒரு சீட்டு. வீட்டு எண், எடை, விலை, வேன் வாடகையில் பங்கு, மீதிச் சில்லறை, கீழே தேதியிட்ட கையெழுத்து. இதைவிடச் சுத்தமான கணக்கைத் தணிக்கையாளர்கூட எழுதமாட்டார்.

எழுதத் தெரிந்தவர் ஏன் எழுத மாட்டேன் என்கிறார்? இருபத்து நாலு வீடு, மாதம் ஆளுக்கு 2,500 என்றால் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். இது மிளகுக் காசைவிடச் சின்னத் தொகையா? 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த வரவு செலவைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பொதுக்குழு கார் நிறுத்துமிடத்தில் பஜ்ஜியோடு தொடங்கி, "ஆட்சேபம் இல்லீங்களே?" என்பதோடு முடிந்துவிடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமென்றால், நாங்கள் அரசு அலுவலகமும் அல்ல. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024-இல் அமலான புதிய சட்டத்தின்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம். ஒரு மோட்டார் பில்லைப் பார்க்க எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும்?

இந்த ஆண்டு மளிகைச் சீட்டில் வேன் பங்கு 12 ரூபாய் கூடியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரே படியேறி வீடு வீடாக வந்து டீசல் பில்லைக் காட்டிவிட்டுப் போனார்.