சுற்றுத்துணித் தகப்பனார்

ஹாலிஎலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், தீபாவளி, தைப்பொங்கல் விடுமுறைகளில் மட்டும் தென்படும் இளம் பெற்றோரில் ஒரு வகையினரைச் சுற்றுத்துணிப் பெற்றோர் எனலாம். ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமுள்ள துணியைத் தோளிலும் இடுப்பிலும் குறுக்காகச் சுற்றி, அதன் மடிப்புக்குள் குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இரு கைகளையும் வீசி நடப்பவர்களே இவர்கள். துணி ஏதுமின்றியே கைவீசி நடந்த முந்திய தலைமுறைத் தந்தையரிடமிருந்து இவ்வகை ஆணை வேறுபடுத்திக் காட்டுவது மார்பிலுள்ள குழந்தை ஒன்றே.

அவர் பெரும்பாலும் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுவதும் பிறருக்குத் துணி அளந்து கொடுக்கும் அவருக்கு, பதுளைக்கு முந்திய நிலையமான ஹாலிஎலையில் ரயிலை விட்டு இறங்கியதும், தாம் வாங்கிய துணிக்கு நடு எது, நுனி எது என்பது பிடிபடுவதில்லை. மனைவி கைபேசியில் செய்முறைக் காணொளியை நிறுத்தி நிறுத்திக் காட்ட, துணியின் ஒரு நுனி மேடையைப் பெருக்க, ஊரார் பொதிகளை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்க்க, மூன்றாம் முயற்சியில் முடிச்சு விழும். அதற்குள் குழந்தை வேறு யாருடைய இடுப்பிலோ தூங்கிவிட்டிருக்கும்.

முடிச்சு விழுந்தபின் தொடங்குவது விளக்கவுரை. குழந்தையின் முழங்கால்கள் புட்டத்தைவிட உயர்ந்து, தவளை அமர்ந்தாற்போல விரிந்திருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லது என்பதும், முகவாய் நெஞ்சில் மடிந்தால் மூச்சு தடைப்படும் ஆதலால் முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும் என்பதும் அதன் சாரம், இரண்டும் உண்மையே. ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற எரிகா ஹாஃப்மன், இலத்தீன் அமெரிக்கச் சால்வை ஒன்றில் அவர்களைச் சுமந்து பழகி, 1972இல் இத்தகைய துணிகளை விற்கத் தொடங்கிய வரலாற்றையும் கேளாதவருக்குக்கூட அவர் சொல்லிவிடுவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் படியும் சரிவுமாக ஏறும் பாதையில் தள்ளுவண்டி உருளாது என்ற, எல்லாவற்றிலும் வலிய நியாயம் மட்டும் அவர் வாயில் வருவதில்லை.

இவ்வுரையைக் கேட்டு வியக்கவேண்டியவர் அப்பாயி, அதாவது அவரைப் பெற்ற தாய். அப்பாயி பிள்ளை பெற்ற காலத்தில் தோட்டத்துப் பெண்ணின் முதுகு கொழுந்துக் கூடைக்கு உரியது. கூடையின் கயிறு தலையிலும், ஈரத்துக்கும் செடியின் கீறலுக்கும் தடுப்பான படங்கு இடுப்பிலும் இருக்க, குழந்தைக்கென்று உடம்பில் இடம் எஞ்சவில்லை. ஆகவே இதே மகன், பிள்ளைக்காம்பரா எனப்படும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், பழைய சேலையில் கட்டிய தொட்டிலில் கிடந்து வளர்ந்தார். துணியை முழம்போட்டுப் பார்த்து, அதுவும் ஒரு சேலை நீளந்தான் என்று கண்டுகொண்ட அப்பாயி, விலையைக் கேட்கும்வரை வியப்பதில்லை.

மலையில் பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளமே எழுதப்படும். அதற்கு அரைப்பேர் என்று பெயர். மேட்டு லயம்வரை ஏறி மூச்சுவாங்கி நிற்கும் மகனையும், அவர் மார்பில் ஐந்து கிலோவைத் தாண்டாத பேரப்பிள்ளையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பாயி வழங்கும் தீர்ப்பும் அதுவே: “அரைப்பேருதான் போடலாம்.”