ஆக்வாமேனுக்குப் பாடு உண்டா?

பழவேற்காட்டில் கடல் படம் ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆசைப்படுகிறீர்களா? பக்கத்தில் யாராவது வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாயை மூடிக்கொள்வது உத்தமம். மூட முடியாதவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். காமிக்ஸ் படித்தே கெட்டுப்போன ஒருவன் பட்டுத் தெரிந்துகொண்டவை.

படம் 'ஆக்வாமேன்'. 2018 டிசம்பர் 14 அன்று இங்கே வந்துவிட்டது. அமெரிக்காக்காரனுக்கே ஒரு வாரம் கழித்துத்தான். அந்த வாரம் வங்கக் கடலில் பெய்ட்டி புயல். கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை. படகெல்லாம் கரையில். கடலுக்குப் போக முடியாத பையன்கள் வண்டிக்கு மூன்று பேராக ஏறி, தமிழில் ஓடும் தியேட்டரைத் தேடிக் கடல் படத்துக்குப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன்.

மறுநாள் படகு நிழலில் விமர்சனக் கூட்டம். நீங்கள் காமிக்ஸ்காரர் என்றால் இந்த இடத்தில் நாக்கு துறுதுறுக்கும். 1941ல் பால் நோரிஸும் மோர்ட் வைசிங்கரும் உண்டாக்கிய ஆக்வாமேனுக்கு மஞ்சள் முடி, மழுமழு முகம், ஆரஞ்சுச் சட்டை. படத்தில் வரும் ஜேசன் மொமோவாவுக்கோ தாடி, தோள் வரைக்கும் முடி, உடம்பெல்லாம் பச்சை குத்தல். "மூலத்தைக் கெடுத்துட்டானுங்க" என்று ஆரம்பிக்கத் தோன்றும். ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன்.

பெரியவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடல்ல கெடக்கறவன் தெனம் செரைச்சிகினு இருப்பானா தம்பி?"

மூலம், மூலம் என்று ரொம்பவும் முறுக்கிக்கொள்ள வேண்டாம். மூலத்துக்கே அந்த உறுதி கிடையாது. முதல் கதையில் ஆக்வாமேனின் அப்பா கடலடியை ஆராய்ந்தவர். 1959ல் அவரைக் கலங்கரை விளக்கக் காவலராக்கி, அட்லாண்டிஸிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டியும் வைத்தார்கள். படம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது அப்பாவை. காமிக்ஸைச் சினிமாவாக்கும்போது நிஜமாகவே அடிபட்டவர்கள் வேறே இருக்கிறார்கள். 1984ல் லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்து இறங்கிய மாடஸ்டி பிளைசியை 1966லேயே படமாக்கியிருந்தார்கள். அவளைப் படைத்த பீட்டர் ஓ'டானல் எழுதிய திரைக்கதையில் கடைசியில் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியதாம். அவர் அழலாம். மஞ்சள் முடிக்காக நாம் அழக் கூடாது.

கலங்கரை விளக்கக் காட்சிக்கு இந்த ஊரில் ஆட்சேபணை வராது. லைட் ஹவுஸ் குப்பம் என்று ஒரு குப்பமே இருக்கிறதே. புயலில் ஒரு பொம்பளை கரை ஒதுங்குகிறாள், காவலர் வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். அது சரி. பிறகு அவள் கண்ணாடித் தொட்டி மீனைப் பிடித்துப் பச்சையாகக் கடிக்கிறாள் பாருங்கள், அங்கேதான் மீன் விற்கும் அக்கா முகத்தைச் சுளித்தார். "ராணின்றாங்க. செதிலு கூடவா சீவாது?"

அந்த அக்காவின் கருத்தை மட்டும் எதிர்த்துப் பேசாதீர்கள். படத்தில் நண்டு மனிதர்களின் படை ஒன்று வருகிறது. யானை சைஸில் நண்டு. நான் வடிவமைப்பைப் புகழ ஆரம்பிப்பதற்குள் அவர் ஒரு பார்வையில் எடை போட்டுவிட்டார். "சதை பிடிச்ச நண்டுதான். ஆனா கொடுக்கைக் கட்டாம உட்டிருக்கானுங்களே, எவன் எடுப்பான்?" பேய்க்கணவாய் ஒன்று எட்டுக் கையாலும் மேளம் அடிக்கும் இடம் மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மேளம் என்றால் மேளம்தான்.

தொழில்நுட்பத் தகவலை எடுத்து விட்டால் மதிப்பு கூடும் என்று ஒரு மயக்கம் நமக்கு. கடலடிக் காட்சிகளில் பெரும்பாலானவற்றைத் தண்ணீரே இல்லாமல் ஆஸ்திரேலிய ஸ்டுடியோவில் ஆட்களைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்தார்கள், மிதக்கும் முடியைக் கம்ப்யூட்டரில் ஒட்டினார்கள் என்று நான் விளக்கினேன். ஒருவரும் வாய் பிளக்கவில்லை. "அதான் பார்த்தேன், ஒருத்தனும் கண்ணைச் சுருக்கலியே" என்றார் பெரியவர். பின்னால் ஒரு நாள், ஏரியிலிருந்து கரையேறிய இருளர் அம்மா ஒருவருக்குப் போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கலங்கல் தண்ணீரில் கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர். ஊறிச் சுருங்கிய விரல்களைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். விரல் நுனியெல்லாம் கீறல். கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் கையில ஒரு முள்ளு கூடக் குத்தல" என்று திருப்பிக் கொடுத்தார். 143 நிமிடப் படத்துக்கு இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

கூட்டத்தைக் கட்டிப்போட ஒரு சரக்கு இருக்கிறது. கடைசி வரை கையிருப்பில் வையுங்கள். 1994ல் வந்த கதையில் பிரானா மீன்கள் ஆக்வாமேனின் இடக்கையைத் தின்றுவிடுகின்றன. பிறகு அந்த இடத்தில் ஈட்டிக் கொக்கி. இதைச் சொன்னதும் படகுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்தார். "மீனுங்களோட பேசறவன் கையை மீனே துன்னுடுச்சா!" ஐந்து நிமிடம் சிரிப்பு. அந்தச் சூட்டோடு, சிவகாசி முத்து காமிக்ஸ் 1972ல் இறக்கிய இரும்புக்கை மாயாவியையும் சேர்த்து விட்டேன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் ஆசாமி. அவனைத் தமிழில் படமாக்கப் போவதாகப் பேச்சு கிளம்பிப் பல வருடம் ஆகிறது. எடுக்காத வரைக்கும் அதுதான் நல்ல படம்.

ஒரு காட்சியில் மட்டும் கருத்தே சொல்லாதீர்கள். வில்லன் ஓர்ம் பேரலையைக் கிளப்பிக் கரையில் மோதவிடும் இடம். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்கள் நடுவே உட்கார்ந்து "கிராபிக்ஸ் சுமார்" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும், அவ்வளவுதான். அதே அலை மனிதன் கடலில் கொட்டிய குப்பையையும் போர்க்கப்பலையும் கரைக்கே திருப்பி எறிகிறது. அதற்கு மட்டும் தியேட்டரில் நம் பையன்கள் விசிலடித்தார்கள். வில்லன்தான் நியாயஸ்தன் என்று வண்டியில் திரும்பும்போதே முடிவாகிவிட்டது. இரண்டாம் பாகம் 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல் அடித்து, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த மாதம். எனக்குத் தெரிந்து இங்கிருந்து யாரும் போகவில்லை.

கதையின் அடிப்படைக்கு வருவோம். அண்ணன் ஆக்வாமேனுக்கும் தம்பி ஓர்முக்கும் கடல் முழுக்க யாருக்குச் சொந்தம் என்று அடிதடி. இங்கே அது செல்லாது. ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடம் பாடு. ஊரில் தலைக்கட்டாக இருப்பவனுக்குத்தான் உரிமை. எந்த நாள் எந்த இடம் என்பது சீட்டிலும் முறையிலும் விழும். ராஜா மகனுக்கும் அதே முறைதான். "ஆளுக்கொரு நாள் பாடு பிரிச்சி உட்டிருந்தா பத்து நிமிசத்துல படம் முடிஞ்சிருக்கும்" என்றான் ஒரு பையன். "அவன் எந்த ஊர்த் தலைக்கட்டு, அதைச் சொல்லு மொதல்ல" என்றான் இன்னொருவன். அப்பா வழியில் பார்த்தால் லைட் ஹவுஸ். அம்மா வழி செல்லாது. இது அரை மணி நேரம் ஓடியது. நடுவில் புகாதீர்கள்.

கடைசியில் எப்படியும் உங்களிடம் ஒரு கேள்வி வரும். தயாராக இருங்கள். எனக்கு வந்தது பெரியவரிடமிருந்து.

"தம்பி, நீ அவன் புக்கெல்லாம் படிச்சவன். இவ்ளோ அலை கெளப்பறான். எந்தப் புக்குலயாவது முகத்துவாரத்துல அடைஞ்ச மணலை வாரி உட்டானா?"

முகத்துவாரம் தூர்ந்தால் கடல் தண்ணி ஏரிக்குள் வராது, இறால் குஞ்சும் வராது. 1941லிருந்து ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன்.

"இல்ல பெரிப்பா."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனார்.