டாக்டர் ஓட்டுன எஞ்சின்

மதுரையில் பழைய மாருதி 800-ஐப் பந்தயக் காராக்க நினைப்பவருக்கு முதலில் உதிக்கும் யோசனை: 796 சிசி மூன்று சிலிண்டரை இறக்கிவிட்டு எஸ்டீமின் 1298 சிசி நான்கு சிலிண்டரை ஏற்றுவது. சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கேட்டால், "டாக்டர் ஓட்டுன வண்டிண்ணே." தமிழ்நாட்டு டாக்டர்கள் இத்தனை எஸ்டீம் வாங்கியிருந்தால் மாருதிக்காரர்கள் அதை நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். கம்ப்ரஷன் பார்க்கலாமா என்றால் மட்டும் கடைக்காரர் முகம் சுண்டிவிடும். எஞ்சின் மலிவுதான்; மவுண்ட், ஆக்சில், ரேடியேட்டர், ஒயரிங் என்று லேத்துப் பட்டறையில் மொய் எழுதியே காசு கரையும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு, எஞ்சின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றச் சொல்கிறது. வம்பெதற்கு என்று கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு லாரியில் ஏற்றினால் கிளீனர் பரிதாபமாகக் கேட்பார்: "வண்டி ரிப்பேராண்ணே?"