பம்ப்புக்கு ஏற்ற பேட்டரி

கேள்வி: இங்கிலாந்தில் வேன் வைத்து ஜன்னல் கழுவும் தொழில் தொடங்குகிறேன். தொட்டி, நீளக் கம்பு, 12 வோல்ட் பம்ப் எல்லாம் தயார். வீட்டில் ஒரு பழைய கார் பேட்டரி கிடக்கிறது. அதில் பம்ப்பை மாட்டலாமா?

பதில்: மாட்டினால் ஓடும். ஆனால் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். கார் பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரர். எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி முழு மூச்சில் பாய்வார், அவ்வளவுதான். உங்களுக்குத் தேவை பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். அவர்தான் லீஷர் பேட்டரி. தகடுகள் தடிமன், நாள் முழுக்க நிதானமாகக் கொடுப்பார். அவரையும் பாதிக்கு மேல் வற்ற விடாதீர்கள். 110 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி 55; பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் 11 மணி நேரம். ஒரு நாள் வேலைக்குத் தாராளம்.

இப்போது வயரிங். பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ், அடுத்து சுவிட்ச், பிறகு பம்ப். அங்கிருந்து நெகட்டிவ் முனைக்கு. ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டியே வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வாசலில் நிற்க வேண்டிய காவல்காரரைக் கொல்லையில் நிறுத்தினால் திருடன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிப்பான். வயர் வேனின் தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பற்றலாம். ஃபியூஸ் காப்பது வயரை. ஃபியூஸின் அளவு பம்ப்பின் கையேட்டில் இருக்கும்.

இரவு சார்ஜ் போடும்போது வேன் கதவைத் திறந்து வையுங்கள். ஈய பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும்; பக்கத்தில் சிகரெட் வேண்டவே வேண்டாம்.