இமைக்காத கேப்டன்

பைலட் லைசென்ஸ் இல்லாத, வாங்கும் உத்தேசமும் இல்லாத கேப்டன்கள் சென்னையில் பெருகிவருகிறார்கள். பகலில் வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ ஒழுங்காக வேலை பார்ப்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் படுக்கையறை மூலையிலுள்ள கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு ஏர்பஸ் ஓட்டுவார்கள். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்தபோது ஊரே கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. நிஜ விமானங்கள் பலவும் தரையில் நின்ற அந்த மாதங்களில்தான் இந்த இனம் பல்கியது என்பது என் கணிப்பு.

இவர்களில் ஒரு தனிப் பிரிவு உண்டு. விமானத்தை ஓட்டுவது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். காக்பிட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்ப்பது எப்படி என்பதுதான் தலையாய கவலை. எங்கள் அடுக்ககத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார். கேப்டன் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும்.

கவலை நியாயமானதுதான். நிஜ விமானி இடப்பக்கம் திரும்பினால் ரன்வே தெரியும். இவர் திரும்பினால் பீரோ தெரியும். இதற்காகவே ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் ஒரு குட்டிக் குமிழ் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் தள்ளினால் திரையிலுள்ள பார்வை அந்தப் பக்கம் திரும்பும். உலகத்தில் பெரும்பாலோர் இதை வைத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் பறக்கிறார்கள். நம் கேப்டனுக்கு அது கௌரவக் குறைச்சல். "கட்டைவிரலால யாராவது பார்ப்பாங்களா சார்?" என்பார். பதில் சொல்ல முடியாத கேள்வி.

முதலில் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, பழைய வெப்கேமராவைத் தன் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். இலவசமாகக் கிடைத்ததாலேயே அதன்மேல் அவருக்கு மரியாதை வரவில்லை. அடுத்து அமெரிக்காவின் ஓரிகனிலிருந்து ட்ராக்ஐஆர் வந்தது. மானிட்டர் மேல் ஓர் அகச்சிவப்புக் கேமரா. ஹெட்செட்டில் மாட்ட மூன்று விளக்குள்ள ஒரு கிளிப், அல்லது தொப்பி விளிம்பில் செருக ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு சின்னக் கம்பி. நொடிக்கு 120 முறை கேமரா அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்து, தலை திரும்புகிறதா, குனிகிறதா, சாய்கிறதா, முன்னே பின்னே, மேலே கீழே, பக்கவாட்டில் நகர்கிறதா என்று ஆறு கணக்கும் போட்டுவிடும்.

இதில் ஒரு சூட்சுமம். தலையை நிஜமாகவே திருப்பினால் கண் திரையை விட்டுப் போய்விடும். அதனால் நீங்கள் பத்து டிகிரி அசைத்தால் திரையில் நூறு டிகிரி திரும்புகிற மாதிரி கணக்கைப் பெருக்கிவைத்திருப்பார்கள். தலையை இடப்பக்கம் லேசாக ஒடித்து, கண்ணை மட்டும் வலப்பக்கமாக இழுத்துத் திரையிலேயே நிறுத்த வேண்டும். கல்யாண வீட்டில், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பந்தியில் இடம் காலியாகிறதா என்று நோட்டம் விடுகிறவருக்கு இது சுலபமாக வரும். கேப்டனுக்குப் பழகச் சில மாதம் பிடித்தது. பழகியபின் விடவில்லை. ஸ்கூட்டரில் போகும்போதும் பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைப் பத்து டிகிரி மட்டும் திருப்பிவிட்டு, முழு வேளச்சேரி சாலையும் தன் முன் வந்து நிற்கும் என்று காத்திருக்கிறார். அவர் மனைவி இப்போது ஆட்டோவில்தான் போகிறார்.

ஓரிகன்காரர்கள் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. தமிழன் 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவான். "என்னங்க, நாளைக்கு வத்தக்குழம்பு வைக்கட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். கேப்டன் வழக்கம்போல் தலையாட்டுவார். வங்காள விரிகுடாவின் அடிவானம் அப்படியே இடமும் வலமுமாகச் சாயும். குனிந்து ஆமோதித்தால் பார்வை மடிக்கு இறங்கிவிடும். இரண்டு தடவை கடலில் விழுந்தபின், சாய்வுக் கணக்கை செட்டிங்கில் அணைத்தேவிட்டார். உலகெங்கும் பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். அதனால் இப்போது மனைவி கேட்கும் எதற்கும் தாராளமாகத் தலையாட்டுகிறார். விமானத்துக்குத் தெரிவதில்லை. என்ன கேட்டாள் என்று அவருக்கும் தெரிவதில்லை.

அகச்சிவப்புக் கேமராவுக்கு வெயில் ஆகாது. லீவு நாளில் மேற்கு ஜன்னலில் சூரியன் இறங்கும் நேரம் அது ஜன்னலையே நாலாவது விளக்கு என்று எண்ணிக்கொள்ளும், காக்பிட் பேயாடும். எனவே அந்த அறைத் திரைச்சீலை திறந்து நாளாயிற்று. மாமியார் பின்னால் நடமாடும்போது பார்வை துள்ளுவதற்கு அவருடைய வைர மூக்குத்திதான் காரணம் என்றும் கேப்டன் திடமாக நம்புகிறார். இதை மாமியாரிடம் சொல்ல யாரையாவது தேடிக்கொண்டிருக்கிறார்.

உட்காரும் வாட்டம் மாறினால் பார்வை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். எஃப்12 சாவியைத் தட்டினால் நடுவுக்கு வரும். ஆனால் ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு என்றால் அதே எஃப்12தான் திரையைப் படம்பிடிக்கும் சாவி. கேப்டனின் கணினியில் ஒரே உயரமானியின் படம் குவிந்திருக்கிறது. அவர் கல்யாண ஆல்பத்தில்கூட இத்தனை படங்கள் இல்லை. எல்லாம் ஒரே கோணம். சாவியை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "கை பழகிடுச்சு சார்."

தலையோடு திருப்தியடைந்திருக்கலாம். சுவீடனின் டோபி கம்பெனி கண்ணையே பின்தொடரும் கருவி விற்கிறது என்று கேள்விப்பட்ட நாளில் அவர் நிம்மதி போயிற்று. மானிட்டரின் அடிப்பக்கம் ஒட்டும் ஒரு கறுப்புப் பட்டை. வீட்டில் சொன்ன விலை வேறு, அட்டையில் தேய்ந்த விலை வேறு. அது அகச்சிவப்பு ஒளியைக் கண்மேல் பாய்ச்சி, கருவிழியில் தெறிக்கும் மினுக்கையும் கண்பாப்பாவின் மையத்தையும் நொடிக்கு 133 முறை பார்த்து, நீங்கள் திரையில் எங்கே பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிடும். முதலில் திரையில் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துக் கண்ணை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இருபார்வைக் கண்ணாடிக்காரரான கேப்டன், எந்தப் பாதி வழியாகப் பார்ப்பது என்ற குழப்பத்தில் மோவாயை உயர்த்தியும் தாழ்த்தியும் புள்ளிகளைத் துரத்துவார்.

மனிதக் கண் லேசுப்பட்டதல்ல. நொடிக்கு மூன்று தடவையாவது எங்கேனும் தாவும். நமக்கே தெரியாது. கருவிக்குத் தெரியும். வலது ஓரத்து எரிபொருள் மீட்டரைப் பார்த்தால் காக்பிட் வலப்பக்கம் சுழலும். மீட்டர் நடுவுக்கு வரும். கண் அதோடு நடுவுக்கு வரும். கண் நடுவில் இருப்பதால், இவர் நேரே பார்க்கிறார் என்று காக்பிட் திரும்ப முன்னே வரும். மீட்டர் மறுபடி ஓரத்துக்குப் போகும். இப்படிப் பாதி வழியில் மீட்டரும் கேப்டனும் ஒருவரையொருவர் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கண்ணால் கணினியை இயக்கிப் பார்த்த ராபர்ட் ஜேக்கப் 1990 வாக்கிலேயே இதன் தாயாதியை அடையாளம் கண்டு, தொட்டதெல்லாம் பொன்னாகி அவதிப்பட்ட மைதாஸ் மன்னன் பெயரைச் சூட்டினார். சும்மா பார்த்தாலும் கட்டளையாகிவிடும் என்பது சங்கடம். கேப்டன் வீட்டில் அந்தச் சங்கடம் காபி டம்ளர் வடிவில் வந்தது. மேஜையின் இடப்பக்கம் டம்ளரை வைத்தார்கள். அவர் ஆசையோடு பார்த்தார். ஏர்பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காபி ஆறுவது வழக்கமாயிற்று.

மென்பொருளில் வளைகோடுகள் உண்டு: எவ்வளவு அசைந்தால் எவ்வளவு திரும்பணும், நடுவில் எவ்வளவு அசைவைப் பொருட்படுத்தக் கூடாது, துள்ளலை எவ்வளவு வழவழப்பாக்கணும். வழவழப்பு கூடினால் பார்வை சோம்பேறியாகும். குறைந்தால் ஜன்னி காணும். கேப்டன் ராத்திரி பதினொன்றுவரை வளைகோட்டைச் செதுக்கிவிட்டுப் படுத்துவிடுவார். விமானம் மீனம்பாக்கத்தில் எஞ்சின்கூடப் போடாமல் நிற்கும்.

இமைத்தால் கருவி கண்ணை ஒரு கணம் தவறவிடுகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆகவே தரையிறங்கும்போது இமைப்பதில்லை. இரண்டு காலும் ரடர் பெடலில். தமயந்தி தன் சுயம்வரத்தில், தேவர்களும் நளன் உருவெடுத்து வந்து ஐந்து நளன்கள் நின்றபோது, கண் இமைக்கிறதா, கால் தரையில் படுகிறதா என்று பார்த்து மனிதனைக் கண்டுபிடித்தாள். நம் கேப்டன் அந்த வரிசையில் நின்றிருந்தால் தேவர்கள் கணக்கில் சேர்ந்திருப்பார்.

அழைப்பிதழ் வைக்க வருகிறவர்களையும் விட மாட்டார். அப்பாச்சி ஹெலிகாப்டரில் 30 மி.மீ. துப்பாக்கி விமானியின் தலை திரும்பும் பக்கம் திரும்பும் என்பார். 1987இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-29 ரகத்திலேயே ஹெல்மெட்டால் குறிபார்க்கும் வசதி உண்டு என்பார். தகவல் சரிதான். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வதற்குள் வந்தவர்கள் எழுந்துவிடுவார்கள்.

போன தீபாவளிக்கு மச்சினன் வந்தான். நிஜமாகவே விமான கம்பெனியில் ஓட்டுகிறவன். கேப்டன் தொப்பியை அவன் தலையில் வைத்து, கூடவே பட்டையையும் உயிர்ப்பித்து உட்காரவைத்தார். நீலாங்கரைக்கு வெளியே கடல்மேல் வடக்கே போய், இடப்பக்கம் திரும்பி 25ஆம் ரன்வேயில் இறங்க வேண்டும். மச்சினன் நல்ல வழக்கப்படி ரன்வேயைத் தேடி இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினான். சிவகாசி காலண்டரில் முருகன் தெரிந்தார்.

"மாமா, ரன்வே எங்க?"

"பத்து டிகிரி போதும் மாப்ள! கண்ணை இந்தப் பக்கமே வை! வளைகோடு உனக்கு செட் ஆகலை."

அவன் எண்ணூர்வரை போய்விட்டு, அக்காவிடம் அதிரசம் கேட்கப் போனான்.

காலியான நாற்காலியில் மகள் ஏறினாள். பரதநாட்டியம் ஐந்தாவது வருஷம். அட்டமி என்று ஓர் அசைவு உண்டல்லவா, தோள் அசையாமல் கழுத்து மட்டும் இப்படியும் அப்படியும் நழுவும். கண் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் போவதெல்லாம் அவளுக்குக் கிளாஸில் சொல்லிக்கொடுத்த பாடம். விமானத்தைத் திருப்பிக்கொண்டு கடலிலிருந்து அடையாறு, கிண்டி என்று உள்ளே வந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் பரங்கிமலை மறைந்தபோது, கழுத்தை ஒரு நழுவு நழுவவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டாள். சக்கரம் தரையில் பட்டது. ஏர்பஸ் நடுக்கோட்டில் நின்றது.

கேப்டன் குனிந்து திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"வளைகோட்டை எதாவது மாத்தினியா?"