அழுதது போதும் மருமவனே

நேத்து கன்வென்ஷன் பந்தல்ல நீ அழுத அழுகையில மைக் செட்டுக்காரன் பயந்து சத்தத்தைக் குறைச்சுட்டான் மருமவனே. போன வருஷத்தைவிட ஒரு கட்டை மேலதான். லெந்து 40 நாளும் கறி, மீனு தொடலியாமே? ஆட்டுக்கு நிம்மதி. ஆனா ஒன் விளை வேலி, சித்தி விளைக்குள்ள ரெண்டு பனை தள்ளிப் போயி நிக்கே, அதுக்கு லெந்து எப்போ?

கேட்டா, "எல்லாம் கிருபை மாமா, ரத்தத்தால கழுவியாச்சு"ங்க. கழுவுனது ஒன்னைத்தாம்ல. பனை ரெண்டும் இன்னும் ஒன் வேலிக்குள்ளதான் நிக்கி.

சகேயு கதையில, குட்டையன் காட்டத்தி மரத்துல ஏறுனான்ங்கதோட ஓய்வுநாள் பள்ளியில நிறுத்திட்டாவ. லூக்கா 19-ஐ மிச்சமும் வாசி. எரிகோவுல ஆயக்காரருக்குத் தலைவன் அவன், கை நீளம். ஏமாத்துனவன் தானா ஒத்துக்கிட்டா, முதலோட அஞ்சுல ஒரு பங்கு கூட்டிக் குடுத்தாப் போதும்னு எண்ணாகமம் 5-ல இருக்கு. அதாவது 100-க்கு 120. ஆட்டைத் திருடி அறுத்தவனுக்குத்தான் நாலு ஆடு. இவன் என்னடான்னா சொத்துல பாதி ஏழைகளுக்குங்கான், ஏமாத்துனதுக்கு நாலு மடங்குங்கான். இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்தா நீ மரத்தை விட்டே எறங்கியிருக்க மாட்ட.

பயப்படாத. குடுத்ததுக்காக ஆண்டவர் அவன் வீட்டுக்கு வரலை. அவன் வாயத் தொறக்க முந்தியே, இன்னைக்கு ஒன் வீட்டுலதான் தங்கணும்னு அவரே சொல்லிட்டாரு. கெட்ட குமாரன் கதையில வாற இளைய குமாரனும் அப்படித்தான். என்னைக் கூலிக்காரனா வச்சுக்கும்னு பன்னி மேய்ச்ச எடத்துலயே பாடம் பண்ணிட்டு வாறான். அந்தக் கடைசி வரியச் சொல்லவிடாம அப்பன் வேட்டி, மோதிரம், செருப்புன்னு சத்தம் போட ஆரம்பிச்சுட்டாரு.

ஆக, கிருபை முந்தி வரும்னு நீ சொல்லுதது சரிதான். வந்தவரு சாப்பிட்டுட்டு சத்தமில்லாமப் போயிருவாருன்னு நெனச்சியே, அங்கதான் ஒனக்கு இடிக்கி. சகேயு எழுந்து நின்னு கணக்கைச் சொல்லுதான். கேட்டது யாரு? ஒருத்தரும் கேட்டதா வேதத்துல இல்லை. கிருபை பெருகட்டும்னு பாவத்துலயே கெடக்கலாமான்னு பவுல் ரோமருக்கு எழுதுனாரே, அந்தச் சபையிலயும் ஒன்னைப் போல ஒரு மருமவன் இருந்திருப்பான் போல. லூத்தர் 1517-ல எழுதுன 95 வாக்கியத்துல மொதல் வாக்கியமே, விசுவாசிக்கு ஆயுசு முழுக்க மனந்திரும்புதல்னுதான். நீ அதைக் கன்வென்ஷன் மூணு நாளைக்குள்ள அடக்கிட்ட, கெட்டிக்காரன்.

நாளைக்குச் சித்தி வீட்டுக்குப் போ. ஐயரைக் கூட்டிட்டுப் போவாத, அவரு ஜெபம் பண்ணியே பொழுதப் போக்கிருவாரு. சர்வேயரைக் கூட்டிட்டுப் போ. எத்தன வருஷப் பதனிக் காசுன்னு நீயே சொல்லு. சகேயு கணக்கெல்லாம் ஒனக்குத் தாங்காது. மோசே சொன்ன அந்த அஞ்சுல ஒண்ணு மட்டும் கூட்டி வச்சாலே சித்தி மயங்கி விழுந்துருவா, ஒரு செம்புத் தண்ணியும் கொண்டு போ.