மூவருக்குக் காசு, எண்மருக்கு இடம்

கேள்வி: பணக்கார அணிகளோடு புதுச்சேரி கிரிக்கெட் அணி மல்லுக்கட்ட முடியுமா? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: முடியும், காசை எங்கே போடுவதென்று தெரிந்தால்! 2002இல் அமெரிக்க பேஸ்பாலில் ஓக்லாண்ட் அணியின் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸுக்கு அதைப்போல மூன்று மடங்கு. இரண்டுமே தலா 103 ஆட்டங்களில் வென்றன. பெரிய பெயர்களுக்கு இறைக்காமல், அவுட்டாகாமல் பேஸ் சேர்பவர்களை ஓக்லாண்ட் மலிவாகப் பிடித்தது. கோப்பை வரவில்லையே என்பீர்கள். ஐந்து ஆட்ட நாக்-அவுட் தொடரில் அதிர்ஷ்டமும் சேர்ந்து ஆடும். 162 ஆட்டங்கள் கொண்ட முழுப் பருவத்தில் திட்டம்தான் ஆடும். நம் அணியும் காசை இப்படி யோசித்தே போட வேண்டும். 2018-19இல் ரஞ்சிக் கோப்பையில் நுழைந்த புதுச்சேரி, அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பராஸ் டோக்ரா மூவரையும் வெளியிலிருந்து எடுத்தது. உள்ளூர்ப் பையன்களின் வாய்ப்பு போகிறதே என்ற வருத்தம் நியாயமானது. அதனால், பையன்களுக்கு வலைப்பயிற்சியில் கற்றுத்தருவதையும் வெளியிலிருந்து வரும் மூத்தவர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.